கணினி ஏஜெண்டுக்குக் குறிப்பு எழுதும் முறை

பில் போடுதல், இருப்புப் பார்த்தல், பாக்கிப் பட்டியல் எடுத்தல் ஆகியவற்றைக் கணினியில் செய்வது நமது வணிகர்களுக்குப் புதிதல்ல. இப்போது அதற்கு அடுத்தபடியாக, "செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட்" என்னும் நிரல் வந்துள்ளது. "துவரம்பருப்பு இருப்பு எவ்வளவு?" என்று பேச்சுத் தமிழில் கேட்டால் போதும். நமது பில் மென்பொருளில் தேவையான பகுதியை அதுவே இயக்கிப் பதில் சொல்லும். அனுமதித்தால் பில்லும் போடும். இந்த ஏஜெண்ட் சரியாக நடந்துகொள்வது பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுக்கும் சில வரிக் குறிப்புகளைப் பொறுத்தது. அவற்றை எழுதும் முறையை இங்கே பார்ப்போம்.

கருவியும் குறிப்பும்

மென்பொருள் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஏஜெண்டுக்கு ஒரு "கருவி" ஆகும். இருப்புப் பார்ப்பது ஒரு கருவி, பில்லை ரத்து செய்வது மற்றொரு கருவி. 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கென "மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்" என்னும் பொது விதிமுறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. என்பார்கள். இதன்படி ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கக் குறிப்பு, கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவை இருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனமும் 2025 ஜூலையில் இவ்வசதியை அறிவித்தது. எனவே இது நமது கடைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை.

கடைக்குப் புதிதாக வரும் பையன் சந்தேகம் வந்தால் கணக்குப்பிள்ளையைக் கேட்பான். குடோனுக்குப் போய் மூட்டையைப் பார்ப்பான். ஏஜெண்டோ குறிப்பைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. குறிப்பில் இல்லாததைத் தானாக ஊகித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

இரண்டு உதாரணங்கள்

முதலாவது, அரிசி. "விற்பனைப் பதிவு: அளவு தரவும்" என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. வாடிக்கையாளர், "அரிசி பத்து அனுப்புங்க" என்கிறார். பத்துக் கிலோவா, பத்துச் சிப்பமா? சிப்பம் என்றால் 25 கிலோவா, 26 கிலோவா? 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்துக்கு இல்லை. ஆகவே இந்த ஒரு சொல்லில் எடையும் தவறும், வரியும் தவறும். குறிப்பு இவ்வாறு இருக்க வேண்டும்: "அளவைக் கிலோவில் தரவும். சிப்பக் கணக்கில் கேட்டால், ஒரு சிப்பம் எத்தனை கிலோ என்று கேட்டு உறுதி செய்த பிறகே பதியவும்."

இரண்டாவது, பில் ரத்து. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மொத்த வியாபாரிகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதை அரசுத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும். "பில்லை ரத்து செய்யும்" என்ற வெறும் குறிப்பைப் படித்த ஏஜெண்ட், மூன்று நாள் கழித்து எண்ணெய் டின் திரும்பி வந்தாலும் ரத்துக் கருவியைத்தான் எடுக்கும். நமது கணக்கில் பில் நீங்கும். அரசுத் தளத்தில் அப்படியே நிற்கும். சரியான குறிப்பு: "இ-இன்வாய்ஸ் எடுத்த 24 மணி நேரத்துக்குள் மட்டும் பயன்படுத்தவும். இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்யவும். 24 மணி நேரம் கடந்திருந்தாலோ, விற்ற சரக்கு திரும்பி வந்தாலோ கிரெடிட் நோட் கருவியைப் பயன்படுத்தவும்."

கவனிக்க வேண்டியவை

1. கருவி என்ன செய்யும் என்பதோடு, எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுதவும்.

2. ஒத்த கருவிகளைப் பிரித்துக் காட்டவும். கொட்டேஷன் கொடுப்பது வேறு, பில் போடுவது வேறு. கொட்டேஷனில் இருப்புக் குறையாது, பில்லில் குறையும் என்று இரண்டிலும் தெளிவாகச் சொல்லவும்.

3. கிலோ, சிப்பம், டின், பெட்டி என அலகைக் குறிப்பிடவும். விலை வரி சேர்ந்ததா, சேராததா என்றும் எழுதவும்.

4. வழக்குச் சொற்களைச் சேர்க்கவும். நாம் "வத்தல்" என்போம். சரக்குப் பட்டியலில் "மிளகாய்" என்றிருக்கும். இரண்டும் ஒன்றே என்று எழுதாவிட்டால், சரக்கு இல்லை என்று அது சொல்லிவிடக்கூடும்.

5. விவரம் குறைந்தால் ஊகிக்காமல் கேட்குமாறு எழுதவும்.

குறிப்பு பூட்டு ஆகாது

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் குறிப்பு அறிவுரை மட்டுமே. "5,000 ரூபாய்க்கு மேல் கடன் பில் போடாதே" என்பதை ஏஜெண்ட் ஒருமுறை மீறவும் கூடும். அத்தகைய வரம்பை மென்பொருளிலேயே வைக்கச் சொல்லுங்கள். பங்குச் சந்தைத் தரகு நிறுவனமான ஜெரோதா 2025-இல் இவ்வசதியைத் தந்தபோது, வாடிக்கையாளர் தம் கணக்கைப் பார்க்க மட்டுமே அனுமதித்தது. ஏஜெண்ட் மூலம் பங்கு வாங்கவோ விற்கவோ விடவில்லை. நாமும் முதலில் இருப்பு, விலை, பாக்கி ஆகியவற்றைப் பார்ப்பதற்கு மட்டும் அனுமதித்துப் பழகலாம். பில், ரத்து, பணப்பட்டுவாடா ஆகியவற்றுக்கு முதலாளியின் ஒப்புதல் கட்டாயம் என வைத்துக்கொள்வது நல்லது.

யார் எழுதுவது?

மென்பொருள்காரருக்குக் கணினி தெரியும். சிப்பக் கணக்கும் வத்தல் ரகமும் தெரியாது. ஆகவே குறிப்பைக் கடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் எழுதித் தந்து, அவரைப் பொருத்தச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பிறகு, கடையில் அன்றாடம் வரும் கேள்விகளில் இருபதைத் தேர்ந்து, சோதனைக் கணக்கில் கேட்டுப் பாருங்கள். தவறு வரும் இடத்தில் குறிப்பைத் திருத்தி, இருபதையும் மறுபடி கேளுங்கள்.

ஏஜெண்ட் போட்டாலும் பில் நமது ஜி.எஸ்.டி. எண்ணில்தான் போகிறது, அதிகாரி வந்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். டி. கல்லுப்பட்டி வணிகர்கள் இவ்வசதியை வாங்குமுன் மென்பொருள்காரரிடம், "கருவிக் குறிப்புகளைக் காட்டுங்கள், அவற்றை நாங்கள் திருத்த முடியுமா?" என்று கேட்க வேண்டும். முடியாது என்றால், பார்ப்பதற்கான அனுமதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.