சாரலில் ஒரு ஸைகோன் சமையல்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள். குளித்தபின் பசி தாளாமல் எது கிடைத்தாலும் சாப்பிடுவார்கள். இது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் இந்த வருஷத்து ஆடிச் சாரலில் வியட்நாம் தேசத்துப் பதார்த்தம் ஒன்று தென்காசியிலே, ஒரு சாதாரண உபாத்தியாயர் வீட்டு அடுப்பிலே வெந்தது என்று சொன்னால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ! வெந்தது வாஸ்தவம். அடுப்பு நம்முடையதுதான்.

கலாசாலையில் நம்முடன் படித்த புதுச்சேரி நண்பர் ஒருவர் தம் குடும்பத்தோடு குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய தாயாருக்கு வயது எண்பது இருக்கும். ஸைகோனில் பிறந்த வியட்நாமியப் பெண்மணி. தமிழரை மணந்து, 1976-ல் இரண்டு பெட்டிகளோடு புதுச்சேரியில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு பிறந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அறையில் சமைக்க வசதியில்லை என்று நண்பர் தெரிவித்ததும், “நம் வீடு எதற்கு இருக்கிறது?” என்று அழைத்து வந்துவிட்டோம். பிறகுதான், நம் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை என்பதும், நம் அன்னையார் அவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர் என்பதும் நினைவுக்கு வந்தன.

ஸைகோனுக்கும் தமிழருக்கும் என்ன சம்பந்தம் என்று இளம் வாசகர்கள் கேட்கலாம். நாம் வகுப்பில் ராஜேந்திர சோழன் கடல் கடந்ததை வருஷந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் சமீப காலத்தில் கடல் கடந்த குமாஸ்தாக்களைப் பற்றிச் சொல்வதில்லை. 1862-ல் வியட்நாமின் தென்பகுதி பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடாயிற்று. புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது அவர்கள் வசமே இருந்தன. 1881-ல் வந்த ஓர் உத்தரவுப்படி, தம் குல வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட தமிழர் பலர் ஸைகோனில் உத்தியோகங்களுக்குப் போனார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். முஸ்லிம் வர்த்தகர்கள் ஜவுளிக் கடை வைத்தார்கள். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் இன்றும் அந்நகரில் இருக்கின்றன. மாரியம்மனுக்கு இப்போது வியட்நாமிய ஸ்திரீகளே ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். 1975, ஏப்ரல் 30-ல் யுத்தம் முடிந்து ஆட்சி மாறியதும் அங்கிருந்த இந்தியர் பெரும்பாலோர் வெளியேறினர். பிரான்சுக்குப் போனவர்கள் போக, மிகுதிப் பேர் புதுச்சேரிப் பக்கம் வந்தனர்.

அப்படி வந்தவர்கள் கொண்டுவந்த சொத்துக்களில் ஒன்று ‘நெம்’. புதுச்சேரியில் இப்பெயர் தெரியாத வீடு குறைவு. தென் வியட்நாமில் இதைச் ‘சாயோ’ என்பார்களாம். அரிசி மாவினால் செய்து உலர்த்திய மெல்லிய ஏடு ஒன்று உண்டு. கண்ணாடிக் காகிதம் போலிருக்கும். அதை நீரில் நனைத்தால் துணிபோல் துவளும். உள்ளே இறைச்சியோ இறாலோ, காளான், பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடிச் சேமியா, வெங்காயம் எல்லாம் வைத்துச் சுருட்டிப் பொரிப்பார்கள். பொரித்ததைக் கீரை இலையிலும் புதினாவிலும் பொதிந்து, புளிப்பும் இனிப்புமான ஒரு சாற்றில் தோய்த்துத் தின்பது முறை.

அந்தச் சாற்றில்தான் சங்கடம். அதற்கு ஆதாரம் மீன்சாறு. நெத்தலியையும் உப்பையும் மூன்றுக்கு ஒன்றாக மரத்தொட்டியில் அடைத்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறவிட்டு வடிப்பது. அதில்லாமல் அவர்களுக்குச் சாப்பாடே இல்லை. அம்மாள் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். நம் அன்னையார் முகத்தைப் பார்த்தவுடன் அதைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டார். நமக்கு வெட்கமாயிருந்தது. விருந்தாளியை அழைத்துவிட்டு அவருடைய பதார்த்தத்தின் உயிரையே வாசலில் நிறுத்துவதா? ஆனால் அவர் சிரித்துக்கொண்டே, “அதனாலென்ன? எங்க அம்மா வீட்டிலே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மீன் கிடையாது” என்றார். பௌத்தர்களான அந்நாட்டார் அநேகர் அவ்விரு நாட்களிலும் மரக்கறியே உண்பார்கள் என்பதும், அன்று மீன்சாற்றுக்குப் பதில் சோயா மொச்சைச் சாறு சேர்ப்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. நம் அன்னையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அமாவாசை பார்ப்பீங்களா அக்கா?” என்று கேட்டார். அதன் பிறகு நமக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இன்னொரு இடையூறு காத்திருந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த அரிசி ஏட்டுக் கட்டு, சாரல் ஈரத்தில் நமுத்து ஒரே பாளமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழிந்தது. தென்காசிக் கடைத்தெருவில் அதற்கு எங்கே போவது? நண்பர் முகம் சுருங்கிப்போயிற்று. அம்மாளுக்குக் கை நடுக்கம் கண்டு ஒரு வருஷமாகிறது. இந்த விடுமுறையிலாவது பன்னிரண்டு வயதுப் பேத்திக்குச் சுருட்டும் பக்குவத்தைப் பழக்கிவிட வேண்டுமென்றே அவர் அத்தனையும் தூக்கி வந்திருந்தார். வீட்டில் வேறு யாருக்கும் அது கைவரவில்லை. எழுதிவைத்த குறிப்பும் கிடையாது.

நம் அன்னையார் அந்தப் பாளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது நம்ம இலை வடாம்தானே!” என்றார்.

வாஸ்தவமாகவே அதுதான். ஊறவைத்த அரிசியை வெண்ணெய்போல் அரைத்து, நீர்க்கக் கரைத்து, வாழையிலைத் துண்டில் மெல்லத் தடவி ஆவியில் வேகவைத்து உரிப்பது நம் முறை. கொதிக்கும் பாத்திரத்தின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் மாவை ஊற்றி மூடி வேகவைத்து எடுப்பது அவர்கள் முறை. பின்பு இருவரும் வெயிலில் காயவைக்கிறோம். நாம் எண்ணெயில் பொரிக்கிறோம். அவர்கள் நனைத்துச் சுருட்டுகிறார்கள். அரை மணியில் மாவு அரைபட்டது. முதல் ஏடு கிழிந்தது, இரண்டாவது தடித்துப்போயிற்று. மூன்றாவதை அம்மாள் விரல்நுனியால் உரித்துத் தூக்கிப் பார்த்து, “பான் குவோன்” என்றார். உலர்த்தாத ஏட்டில் அப்படியே பூரணம் வைத்துச் சுருட்டி, பொரிக்காமல் உண்ணும் பலகாரத்துக்கு அது பெயராம். நெம் செய்ய வந்து பான் குவோன் ஆயிற்று! பொரித்தால் ஈர ஏடு எண்ணெயில் வெடிக்கும் என்று எச்சரித்தார்.

பூரணத்துக்குக் காளான், முட்டைக்கோஸ், காரட், வெங்காயம், கண்ணாடிச் சேமியா. தோய்க்கும் சாற்றுக்கு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சோயாச் சாறு மூன்றும் சம அளவு, தண்ணீர் அதைப்போல் நான்கு பங்கு, நசுக்கிய பூண்டும் பச்சை மிளகாயும். நாம் உபாத்தியாயராயிற்றே! ஒவ்வொன்றுக்கும் கரண்டிக் கணக்குக் கேட்டுத் தொந்தரவு செய்தோம். “நாக்குச் சொல்லும்” என்று அவர் முடித்துவிட்டார். மேலே தந்த கணக்கு, அவர் ஊற்றியதைப் பேத்தி அளந்து எழுதியது.

அன்று எலுமிச்சைப்புல் போட்டு ஒரு குழம்பும் வைத்தார். மலைக்கு அப்பால் கேரளத்தார் இதை இஞ்சிப்புல் என்பார்கள். தேங்காய்ப்பால், சீனிக்கிழங்கு, மசாலைப் பொடி. பெயர் ‘கா ரி’. நம் கறி என்ற சொல்லேதான் ஐரோப்பியர் வாயில் புகுந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே கோழி போட்டு ரொட்டியோடு உண்பார்கள். நாம் இடியாப்பத்தோடு உண்டோம்.

அந்நிய தேசத்துப் பதார்த்தம் நமக்கு எதற்கு என்று தேசாபிமானிகள் கோபிக்கக்கூடும். குற்றாலத்துக் கடைகளில் குவிந்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கீழைக் கடல் நாடுகளிலிருந்து இங்கே வந்து வேரூன்றியவை. மிளகோ, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி. இன்று உலகில் மிளகு ஏற்றுமதியில் முதலிடம் வியட்நாமுக்கு! கணக்குப் பார்த்தால் யார் யாருக்குக் கடன் என்பது எளிதில் தீராது.

சாப்பாட்டுக்குப் பின் அம்மாள் ஒரு விஷயம் சொன்னார். ஏடு உரிக்கும்போது எழும் ஆவியின் வாசனை தம் தாயாருடைய அடுப்படி வாசனை என்றும், ஐம்பது வருஷமாகக் கடையில் வாங்கிய ஏட்டையே நனைத்துக்கொண்டிருந்ததால் அது மறந்தே போயிருந்தது என்றும் சொன்னார். அந்தத் தாயாரின் சமாதியை அவர் பார்த்ததில்லை. மேலே அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. பேத்தி மட்டும் இலையை விரித்துவைத்துக்கொண்டு சுருட்டிக்கொண்டேயிருந்தாள். பதினோராவது சுருள் பிரியாமல் நின்றது.

புறப்படும்போது, காய்ந்த ஏடாக நூறு செய்து அனுப்ப முடியுமா என்று நம் அன்னையாரைக் கேட்டார். அன்னையார் அன்றிரவே அரிசியை ஊறவைத்துவிட்டார். வேகவைத்து உரித்த ஏடுகள் கூடத்துப் பாயில் கிடக்கின்றன. இதை எழுதும் வரையில் சாரல் விட்டபாடில்லை.