கொள்ளைநோயும் கணக்குப்பிள்ளையும்

பி.காம். படித்தவனுக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்? பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையோடு அந்த உறவு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், அது இருமிக்கொண்டே வந்து என் கதவைத் தட்டியது.

அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாகை, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. மூன்று வாரமாக இருமல். ‘மேன்ஷன் தூசி’, ‘ஆபீஸ் ஏ.ஸி.’, ‘இயர் எண்டிங் டென்ஷன்’ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. “என்ன டயட்டுடா மச்சி?” என்று பொறாமைப்பட்டவர்களும் உண்டு. கடைசியில் சளியைச் சோதித்துப் பார்த்தார்கள்.

டி.பி.!

“ஆறு மாசம் மாத்திரை. இலவசம். ஒழுங்கா சாப்பிட்டா ஓடியே போயிடும்” என்றார் டாக்டர். பக்கத்து மேஜையில் ஓர் அக்கா, பெரிய ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வயசு, எடை எல்லாம் எழுதிவிட்டுக் கேட்டார்:

“கூட யார் யார் தங்கியிருக்காங்க தம்பி?”

“தனியாத்தான் இருக்கேன்க்கா.”

பொய். அறையில் மொத்தம் மூன்று பேர். ஒருவன் தென்காசி, ஒருவன் மன்னார்குடி. (மேன்ஷனில் ஊர்தானே சார் பேர்!) உண்மையைச் சொன்னால் அன்று சாயங்காலமே என் பெட்டி வராந்தாவில் இருக்கும் என்று பயம். ஊரில் வேறு அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு. டி.பி. தோஷத்துக்கு?

அறையில் ‘டைபாய்டு’ என்று சொன்னேன். ஆபீஸுக்கும் அதே டைபாய்டுதான் லீவ் லெட்டரில் போனது. ‘காத்து வரணும்’ என்று சாக்குச் சொல்லி ராத்திரி மொட்டை மாடியில் படுத்தேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள், மெடிக்கல் ரெப்பாக இருக்கும் என் காலேஜ் சிநேகிதன். “சும்மா மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கிடக்காதே” என்று மூன்று தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டான். மூன்றுமே தொற்றுநோய் பற்றியவை. ‘நோயாளிக்குப் படிக்கக் கொடுக்கிற புத்தகமாடா இது?’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பிரித்தேன்.

முதல் புத்தகம், ஸ்டீவன் ஜான்சன் 2006-ல் எழுதிய ‘தி கோஸ்ட் மேப்’. 1854-ல் லண்டனைத் தாக்கிய காலராவின் கதை. ஆகஸ்ட் கடைசியில் பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் ஆரம்பித்து, பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். கெட்ட நாற்றத்தால்தான் காலரா வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய காலம். ‘இல்லை, தண்ணீரால் வருகிறது’ என்று சொன்னவர் ஜான் ஸ்நோ. விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கே குளோரோஃபார்ம் கொடுத்த டாக்டர்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பாமல், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் செத்தவர்களின் பட்டியலை வாங்கினார். அங்கே வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர அதிகாரி, லண்டனில் யார், எந்த வயதில், எதனால் செத்தார்கள் என்று வாராவாரம் அச்சடித்துக்கொண்டிருந்தார். பட்டியலோடு ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். “எந்தத் தண்ணீர் குடிச்சீங்க?” அநேகமாக எல்லாருமே பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பு! அதே தெருவில் இருந்த பீர் ஃபாக்டரித் தொழிலாளிகள் மட்டும் தப்பித்தார்கள். அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. (இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்!) செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் ஸ்நோ அல்ல, ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார். ‘டாக்டர் சொல்வது தப்பு என்று நிரூபிக்கிறேன் பார்’ என்றுதான் அவர் கிளம்பினார். ஒரே வீட்டுக்கு நாலைந்து தடவை போய் விசாரித்தார். கடைசியில் ஃபாரின் பட்டியலில் ஒரே ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பம்புக்கு நேரெதிரே, 40-ம் நம்பர் வீட்டில் செத்துப்போன ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரை, கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக் குழியில் கொட்டியிருக்கிறாள் அம்மா. நோய் ஆரம்பித்த இடம் அதுதான்! தப்பென்று நிரூபிக்கப் போனவர், ஸ்நோவின் முதல் சிஷ்யராகத் திரும்பினார்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் காட்டியதே அதற்குப் பிறகு, 1880-களில்தான். அதாவது, எதிரியின் முகமே தெரியாமல், வெறும் கணக்கை வைத்து அவன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டிரையல் பேலன்ஸில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பூராவும் தேடுவோமே, அந்த வேலை. எனக்குச் சட்டென்று மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது புத்தகம், வில்லியம் ஃபேகி 2011-ல் எழுதிய ‘ஹவுஸ் ஆன் ஃபயர்’. பெரியம்மையை ஒழித்த கதை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொண்டுபோன நோய் அது.

ஆறடி ஏழங்குல உயரம் ஃபேகி. நைஜீரியாவில் ஒரு கிராமத் தலைவர், ‘உலகத்திலேயே உசரமான மனுஷனைப் பார்க்க வாங்க’ என்று கூப்பிட்டே அம்மை குத்தக் கூட்டம் சேர்த்தாராம்! 1966 டிசம்பரில் அங்கே அம்மை கிளம்பியது. எல்லாருக்கும் குத்த மருந்து இல்லை. ஃபேகி அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்த மிஷனரிகளை ரேடியோவில் கூப்பிட்டு, யார் பக்கத்தில் அம்மை என்று விசாரித்தார். வந்த இடங்களை மேப்பில் குறித்து, நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் குத்தினார். பரவல் நின்றது!

பிறகு இந்தியா. 1974-ல் மட்டும் இங்கே பதிவான பெரியம்மை நோயாளிகள் சுமார் 1,88,000 பேர். அதிகம் பீகாரில். அங்கே மந்திரி பொறுமையிழந்து, ‘இந்த முறையே வேண்டாம், எல்லாருக்கும் குத்துங்கள்’ என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அப்போது ஓர் இளம் இந்திய டாக்டர் எழுந்தார். எங்கள் ஊரில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டுக் கூரையிலும் ஊற்ற மாட்டோம் என்ற அர்த்தத்தில் சொன்னாராம். மந்திரி இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். புத்தகத்தின் தலைப்பு அதிலிருந்து வந்ததுதான்.

எரிகிற வீடு எது என்று தெரிய வேண்டுமே? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சடித்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார்கள். பத்துக் கோடி வீடுகள்! தகவல் சொன்னால் பரிசு ஐம்பது ரூபாய். நோயாளிகள் குறையக் குறைய நூறாகி, ஆயிரமானது. போகாமலே ‘போனேன்’ என்று எழுதுகிறவர்களைப் பிடிக்க, கொஞ்சம் வீடுகளை வேறு ஆள் போய்த் திரும்பச் சரிபார்த்தார். அட, நம்ம ஆடிட்! 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மையின் கணக்கு முடிந்தது.

உலகத்தில் இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்கா ஊரில் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபர். இரண்டு நோயாளிக் குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்டக் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஊசி வலிக்கும் என்று பயந்து அம்மை குத்தாமல் தப்பித்தவர் அவர். பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு வேலையில் சேர்ந்து, ‘நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க’ என்று தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்துபோனார்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் தூக்கம் வரவில்லை. கீழே என் அறை. எரிகிற வீட்டுக்குப் பக்கத்து வீடு. அங்கே தூங்குகிற இரண்டு பேருக்கும் தீ என்றே தெரியாது.

ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை சார். இரண்டு மாதம் ஓடிவிட்டது. இருமல் நின்றது, வெயிட் ஏறியது. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில் போகும். பொது பாத்ரூமில் அதை மறைப்பது பெரிய பாடு. ‘நல்லாத்தானே இருக்கோம், நிறுத்திடலாமா?’ என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். கிறிஸ்டியன் மெக்மில்லன் 2015-ல் எழுதிய ‘டிஸ்கவரிங் டியூபர்குலோசிஸ்’. அதில் நம்ம மெட்ராஸ்!

ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான் கதி. தாம்பரம் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் இருக்கிறதே. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை ஏது? 1956-ல் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமை. 193 நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கை, சத்தான சாப்பாடு, ஓய்வு. மீதிப் பேருக்கு நெரிசலான குடிசையிலேயே மாத்திரை. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே அளவு குணம் தந்திருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் மெட்ராஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு நிபந்தனை. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதற்காக ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். பாதியில் நிறுத்தினால், மருந்துக்கு மசியாத டி.பி.யாகத் திரும்பி வந்து நிற்கும். இன்றைக்கும் லேசுப்பட்ட நோயல்ல இது. 2023-ல் உலகம் முழுக்கச் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் டி.பி.யால் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நாலில் ஒருவர் நம் நாட்டுக்காரர்.

ஸ்டாக் எண்ணுகிற மாதிரி மாத்திரை எண்ணியிருக்கிறார்கள்! மூன்று புத்தகத்திலும் அதே ஆள்தான் வருகிறார். நோட்டும் பேனாவுமாக, கதவைத் தட்டி, கேட்டதை ஒழுங்காக எழுதுகிற ஆள். அவர் ஜெயிக்க வேண்டுமானால் எதிரே இருப்பவன் உண்மையைச் சொல்ல வேண்டும். என் பெயருக்கு நேரே ‘தனியாக’ என்று ஒரு பொய் என்ட்ரி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். “அக்கா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். ரூம்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரில் என் பக்கத்தைத் தேடிப்பிடித்து எழுதினார். “அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் மிச்சம், தம்பி” என்றார். அவ்வளவுதான்.

மன்னார்குடிக்கு ஒன்றும் இல்லை. தென்காசிக்கு இருந்தது. அவனுக்கு இருமல்கூட ஆரம்பிக்கவில்லை.

“டைபாய்டுன்னு சொன்னியேடா...” என்றான். பிறகு இரண்டு வாரம் பேசவில்லை. பேசாமலே என் பக்கத்தில் நின்று அதே மேஜையில் மாத்திரை வாங்கினான். நான் பயந்த மாதிரி பெட்டி வராந்தாவுக்குப் போகவில்லை. மேன்ஷனில் யாருக்கும் அவன் சொல்லவில்லை. அதுதான் என்னை ரொம்பக் குத்தியது. என்னிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, பாத்ரூமிலிருந்து வந்தது. “டேய்... ஆரஞ்சு!”

இரண்டு பேரும் ஆறு மாதம் முடித்தோம். குணமானோம்.

நீங்களும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறீர்களா? தூசி, ஏ.ஸி. என்று காரணம் தேடாமல் போய்ச் சளியைப் பரிசோதியுங்கள். அங்கே ரிஜிஸ்டரோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கல்யாணம் என்ன ஆச்சு என்கிறீர்களா? பெண் வீட்டில் நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “ஆரஞ்சுக் கலரா போகுமே, அந்த மாத்திரையா? எங்க மாமாகூட சாப்பிட்டார்” என்றாள் பெண். முடிந்தது.

தென்காசி முந்தின நாளே கல்யாணத்துக்கு வந்துவிட்டான். மொய் நோட்டை யார் எழுதுவது என்று தேடியபோது அவனே போய் உட்கார்ந்தான். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னான்:

“இந்த நோட்டை நான் எழுதறேன். நீ எழுதினா நம்ப முடியாது!”