வெளிநாட்டு நிதியும் ஊர்ச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகமும்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கைக் கரையைத் தொட்டது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். அலவத்துகொடப் பக்கமும் மலை இடிந்து வீடுகள் மண்ணுக்குள் போயின. இப்படியான நேரத்தில் மண்வெட்டியோடு முதலில் ஓடிவருவது பக்கத்து வீட்டுக்காரர். அடுத்து வருவது ஊர்ச் சங்கம்: மரண சகாய சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல் பொடியன்கள், தோட்டத்து இளைஞர் கழகம். சோற்றுப் பார்சல், பாய், பால்மா எல்லாம் அவர்கள் கையால்தான் போகும்.

தண்ணீர் வடிந்த கையோடு இன்னொருவரும் வருவார். சட்டைப் பையில் இரண்டு பேனை, கையில் ஒரு ஃபைல். “வெளிநாட்டு எய்ட் எடுத்துத் தாறேன், புரொபோசல் நான் எழுதுறேன். முதல்ல ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு பதினைந்தாயிரம். காசு வந்தா பத்து வீதம்.” சங்கத்தார் நல்லவர்கள். இங்கிலீஷ் தெரியாதே என்ற கூச்சமும் அவர்களுக்கு உண்டு. கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். உண்மையான நிதி வழங்குநர் எவரும் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை. தூதரகம் கேட்காது, ஐ.நா. அமைப்பும் கேட்காது. ‘உங்கள் சங்கம் தெரிவாகிவிட்டது, வரிக்காக இவ்வளவு அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தால் அது மோசடி. ஐ.நா. முத்திரையை யாரும் கணினியில் ஒட்டலாம்.

பதினைந்தாயிரம் போனால் போகட்டும். பத்து வீதம்தான் பெரிய பொறி. எந்த நிதி உடன்படிக்கையிலும் தரகுக் கூலி என்றொரு செலவுத் தலைப்பு இருக்காது. அப்படியானால் அந்தப் பத்து வீதத்தைக் கணக்கில் எங்கே காட்டுவது? சீமெந்துக் கடையில் கூட்டிப் போட்ட பில், நடக்காத பயிற்சிப் பட்டறைக்குச் சாப்பாட்டு பில் என்று ஏதாவது தயாராகும். அதில் கையொப்பம் வைப்பது தரகர் இல்லை, தலைவரும் பொருளாளரும்தான். கணக்காய்வில் பிடிபடும் நாளில் தரகரின் தொலைபேசி வேலை செய்யாது. இங்கிலீஷ் தெரிந்த ஊர்ப் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள், உழைப்புக்கு ஒரு தொகை கொடுங்கள், அதைக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். அது நேர்மையான வழி.

உண்மையில் புரொபோசல் கடைசி வேலை. முதல் வேலை சங்கத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. யாப்பு, உறுப்பினர் பட்டியல், கடைசி மூன்று ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை, சங்கத்தின் பெயரில் இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, கணக்காய்வு செய்த வரவு செலவு ஆகியவற்றை எடுத்து மேசையில் வையுங்கள். என் அனுபவத்தில் பாதிச் சங்கங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அறிக்கைப் புத்தகம் பழைய செயலாளர் வீட்டில், அவரோ குவைத்தில்.

பதிவு விடயத்தில் கவனம் வேண்டும். தொண்டு அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்யும் சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வேலை செய்வோர் பிரதேச செயலகத்திலும், மாவட்டம் முழுக்க வேலை செய்வோர் மாவட்டச் செயலகத்திலும், அதற்கு மேலே போவோர் கொழும்பில் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்திலும் பதிகிறார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவோரும் உண்டு. ஊர் வேலைக்குப் போதுமான பதிவு வெளிநாட்டுப் பணத்துக்குப் போதாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் நிதி வழங்குநரிடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் சங்கக் கணக்குக்குத்தான் வரவேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் போட்டுப் பிறகு மாற்றலாம் என்பது நல்லெண்ணமாகவே இருக்கலாம், ஆனாலும் ஆபத்து. பத்து லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பரிமாற்றங்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்கின்றன. அது 2006ஆம் ஆண்டுச் சட்டம், எல்லோருக்கும் பொது. ஆனால் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அக்குறணை, அலவத்துகொட போன்ற ஊர்களின் முஸ்லிம் சங்கங்களுக்கு இது வெறும் படிவமாக இல்லை. 2021இல் 11 அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. 2023இல் அவற்றில் ஐந்தின் தடை நீக்கப்பட்டது. கிணறு வெட்ட வளைகுடாவிலிருந்து ஒரு நல்ல மனிதர் அனுப்பும் காசுக்கும் கடிதம் வேண்டும், நோக்கம் வேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும். வரியையும் மறக்க வேண்டாம். அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வரி கணிக்கிறது. சில நிவாரண வேலைகளுக்கு விலக்குக் கேட்கலாம்.

இனி, யாரிடம் கேட்பது?

சிறிய சங்கத்துக்குப் பெரிய கதவு பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழைப்புகள் பெரிய நிறுவனங்களுக்கானவை. அவற்றை வென்ற நிறுவனம் சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் துணை மானியத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு உதவித் திட்டம் 1989 முதல் உலகெங்கும் நடக்கிறது. கட்டடம், கருவி, குடிநீர் போன்றவற்றுக்குத் தரும், சம்பளத்துக்குத் தராது. விலைமனுக்களையும் கேட்கும். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி ஆகியவையும் உள்ளன. மனித உரிமை, சமாதான வேலைக்கு, 1999இல் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வத்தின் நினைவாக உருவான நம்பிக்கை நிதியம் கொழும்பிலேயே இருக்கிறது.

நம் பக்கத்துக்கு ஆகப் பொருத்தமானது, என் கணிப்பில், ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக வரும் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம். 1992இல் தொடங்கியது. நக்கிள்ஸ் காட்டையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் முன்பே தன் வேலைப் பகுதியாக எடுத்திருக்கிறது. ஊற்று, நீரோடை, மண்ணரிப்பு, மரக்கலப்புத் தோட்டம் என்று அது பேசும் விடயம் எல்லாம் நம் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. செயற்றிட்டத்தை எழுதி முடிக்கவே ஒரு சிறு திட்டமிடல் மானியம் தரும் வழக்கமும் அதற்கு உண்டு.

எழுதும்போது ‘வலுவூட்டல்’, ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று பக்கம் நிரப்ப வேண்டாம். அதை வாசிப்பவர் அன்றைக்கே அப்படி ஐம்பது வாசித்திருப்பார். எத்தனை குடும்பம், எந்த ஓடை, எந்த மாதத்தில் வற்றுகிறது, தண்ணீர் எடுக்க யார் நடக்கிறார்கள், எவ்வளவு தூரம், போன வருடம் சங்கம் தன் காசில் என்ன செய்தது என்று எண்ணிக் கணக்கிட்டு எழுதுங்கள். சிரமதானமாக ஊர் தரும் உழைப்பையும் ரூபாயில் மதிப்பிட்டுச் சேருங்கள், அதுவும் பங்களிப்புத்தான். செலவுத் திட்டத்தில் விலையேற்றத்துக்கு இடம் விடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய்க்குப் போனபோது அரைவாசியில் நின்ற கட்டடங்களை நாம் பார்த்தோம்.

ஒரே கொடையாளியில் தொங்குவதும் ஆபத்து. அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டிடம் 2023இல் ஆக அதிகம் பெற்ற நாடு உக்ரைன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலை 1இல் யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. போர் நடுவே வேலை செய்த உக்ரைன் தொண்டு அமைப்புகளுக்கும், கொழும்பில் அதே கையை நம்பியிருந்தவற்றுக்கும் ஒரே காலையில் காசு நின்றது. மாதச் சந்தா நூறு ரூபாய் என்றாலும் அதை வசூலிப்பதை விட்டுவிடாதீர்கள்.

பதிவு மறுக்கப்பட்டால், இழுத்தடிக்கப்பட்டால்? சங்கம் சேரும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உள்ள அடிப்படை உரிமை. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் அலுவலகத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கையூட்டுக் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

இதே தகவல் சட்டத்துக்குப் பலர் கவனிக்காத ஒரு முனை உண்டு. வெளிநாட்டு அரசோ சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி கொடுக்க, மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை பற்றிய அளவில், அதற்குக் கட்டுப்பட்டது. உங்கள் ஊரைப் படம் பிடித்துக்கொண்டு போன நிறுவனத்திடம், எங்கள் பெயரில் எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சங்கத்திடமும் நாளை ஒருவர் கேட்பார். உள்ளுக்குள்ளேயே மோசடி நடந்தால் உறுப்பினர் முறையிடலாம். தொண்டு அமைப்புகள் பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இடைக்கால முகாமைச் சபை ஒன்றை நியமிக்கவும் முடியும்.

வரும் மாதக் கூட்டத்துக்குப் போகும்போது செயலாளரிடம் அறிக்கைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிப் பொதுக்கூட்டத்தின் திகதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், புரொபோசல் பற்றிக் கதைக்கும் முன் பொதுக்கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.