ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

2024-ஆம் வருஷம் பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மாலை, நம்மிடம் முன்பு படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். காபி சாப்பிட்டு முடியும் வரையில் ஊர்ச் சமாசாரமே பேசிக் கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு காகிதக் கட்டுகளை எடுத்து நம் முன் வைத்தார். ஒன்று, பளபளவென்று வர்ணப் படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகம். மற்றொன்று, அவருடைய பாட்டனார் காலத்து வீட்டுப் பத்திரம்.

"ஸார், இதற்காக இதை அடகு வைக்கலாமா? நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

விளம்பரப் புத்தகத்தின் மேலட்டையில் 'ஜெர்மனியில் இலவசக் கல்வி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே புரட்டினோம். இலவசக் கல்விக்கு ஏற்பாடு செய்வதற்காகத் தரகருக்கு மூன்று லட்சம் ரூபாய். சேர்த்து விடப் போகிற தனியார் கலாசாலைக்கு வருஷச் சம்பளம் பன்னிரண்டாயிரம் யூரோ! இலவசத்துக்கு இவ்வளவு விலை என்றால், விலை கொடுத்து வாங்கும் கல்விக்கு என்ன கேட்பார்களோ என்று நமக்குத் தோன்றியது.

"பத்திரத்தைப் பெட்டியில் வையுங்கள். முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றோம். அன்று இரவு அவருக்காகப் போட்ட கணக்கையும், அதன் பிறகு நாம் விசாரித்து அறிந்தவற்றையும் நமது வாசகர்களுக்கும் சொல்வது நன்மை பயக்கும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

ஏன் ஜெர்மனி?

ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள கல்வி உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. டாக்டர் ஜாகீர் ஹுஸேன் பெர்லின் சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, 1926-இல் தாயகம் திரும்பி ஜாமியா மில்லியாவைத் தாங்கி நடத்தினார். ராம் மனோகர் லோகியா அதே நகரில் நமது நாட்டு உப்பு வரியைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்று, 1933-இல் திரும்பி விடுதலைப் போரில் குதித்தார். சென்னை கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி.யோ, 1956-இல் மேற்கு ஜெர்மனி அளிக்க முன்வந்த உதவியின் பயனாய் 1959-இல் தோன்றியது.

இப்போது போகிறவர்களின் தொகை பெருகி விட்டது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் கலாசாலைகளில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். அந்நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனரையும் விஞ்சி நம்மவர்களே முதலிடம் பெற்றிருந்தனர். காரணம், அங்கே சர்க்கார் நடத்தும் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டாரிடமும் படிப்புச் சம்பளம் வாங்குவதில்லை என்பதே. பருவந்தோறும் செலுத்தும் சில நூறு யூரோ சந்தா மாத்திரம் உண்டு.

இதற்கு விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாகாணம் 2017 முதல் ஐரோப்பியக் கூட்டமைப்பைச் சேராத மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலை 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அத்தகைய மாணவர்களுக்குப் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை விதித்திருக்கிறது. தனியார் கலாசாலைகளின் சங்கதி முற்றிலும் வேறு. ஆகையால் விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது சர்க்கார் கலாசாலையா, தனியார் கலாசாலையா?" என்பது. தரகர்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. தனியார் கலாசாலை கொடுக்கும் தரகுப் பணத்தை சர்க்கார் கலாசாலை கொடுப்பதில்லை அல்லவா?

பணக் கணக்கு

படிப்பு இலவசமானாலும் சாப்பாடும் வாடகையும் இலவசமாகுமா? ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறதென்று ருஜுப்பித்தால்தான் விசா கிடைக்கும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். இதைப் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்னும் கணக்கில் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். அங்கு போன பின் மாதம் 992 யூரோ வீதம் நம் கைக்கே திரும்பி வரும். இது கட்டணம் அன்று, நமது சொந்தப் பணம் என்பதைப் பெற்றோர்கள் நன்கு அறிய வேண்டும்.

பொதுத் துறை பாங்கிகளில் வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரையில் சொத்து ஈடின்றிக் கல்விக் கடன் கிடைக்கும். தகப்பனார் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால்தான் வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் என்ற பேச்சு எழும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மத்திய சர்க்காரின் வெளிநாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. என்ற ஸ்தாபனமும் உபகாரச் சம்பளங்கள் வழங்குகிறது. கடன் வாங்குவதற்கு முன் இவற்றை விசாரிக்காமல் இருப்பது பெரும் பிசகு.

"அங்கே போய் ஹோட்டலில் வேலை செய்து சமாளித்துக் கொள்வேன்" என்று சில பிள்ளைகள் சொல்வதுண்டு. மாணவர்கள் வருஷத்தில் 140 முழு நாட்களோ, 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பது உண்மை. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ என்பதும் உண்மை. ஆனால் முதல் ஆறு மாதம் பாஷை தெரியாது, பாடம் கடினம், குளிரோ எலும்பைத் துளைக்கும். முதல் வருஷத்துக்கு வீட்டிலிருந்து கொண்டு போகும் பணத்தையே நம்ப வேண்டும். கூலியை நம்பிக் கடனுக்கு வட்டி கட்டத் திட்டம் போடுவது மேகத்தைக் கண்டு நாற்று விடுவது போலாகும்.

மார்க்கும் காகிதங்களும்

நம் நாட்டில் மார்க்கு ஏற ஏறப் பெருமை. அங்கோ ஒன்று என்பதே உயர்வு. நான்கு என்பது தேறியதன் கடைசி எல்லை. நம் மார்க்கை அவர்கள் கணக்குக்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. அதிகபட்ச மார்க்கிலிருந்து நாம் பெற்றதைக் கழிக்க வேண்டும். அதே அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சிக்குரிய குறைந்த மார்க்கைத் தனியே கழிக்க வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் மார்க்கு கிடைத்துவிடும். நூற்றுக்கு 75 வாங்கியவருக்கு, தேர்ச்சி மார்க்கு 40 ஆனால், 2.25 வரும். எம்.எஸ்ஸி. வகுப்புகள் பலவற்றில் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டால் வீண் விண்ணப்பச் செலவு மிஞ்சும்.

பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர்கள் ஜெர்மன் சர்வகலாசாலையில் நேரே சேருவது பெரும்பாலும் இயலாது. இங்கே கலாசாலையில் ஒரு வருஷமாவது படித்துத் தேற வேண்டும். அல்லது அங்கே 'ஸ்டூடியன்கொல்லெக்' என்னும் ஆயத்த வகுப்பில் படித்துப் பரீட்சை கொடுக்க வேண்டும். இங்கே பட்டம் பெற்று, மேற்படிப்புக்குப் போவதே நம் குடும்பங்களுக்கு ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். பதினெட்டு வயதுக் குழந்தையைத் தனியே அனுப்பும் கவலையும் குறையும்.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற அத்தாட்சியையும் பெற வேண்டும். நமது சான்றிதழ்கள் மெய்யானவைதாமா என்று சோதித்து வழங்கப்படும் பத்திரம் இது. கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வர வாரக் கணக்கில் ஆகும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன் இதற்கு எழுதிவிட வேண்டும். பல சர்வகலாசாலைகள் 'யூனி-அஸிஸ்ட்' என்ற பொது நிலையத்தின் மூலம் விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அதற்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். பொதுவாக ஜூலை 15 கடைசி நாள். வெளிநாட்டாருக்குச் சில வகுப்புகளில் மார்ச்சு, ஏப்ரலிலேயே கதவு சாத்தப்பட்டு விடும். எனவே ஒரு வருஷம் முன்னதாகத் தொடங்குவதே உசிதம்.

விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் அதே காரியாலயத்துக்கு மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை முதல் அந்த வழி எடுபட்டு விட்டது. மீண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அல்லது ஜெர்மன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்தையே பழுதில்லாமல் செய்வது அவசியம். தரகர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் அதன் பலனையும் தாமே அனுபவிக்க வேண்டியதுதான்.

ஹாஸ்யம் புரியாத கதை

அங்கே ஆங்கிலத்தில் நடக்கும் எம்.எஸ்ஸி. வகுப்புகள் ஏராளம். அதனால் ஜெர்மன் பாஷை எதற்கு என்று பலர் இருந்து விடுகிறார்கள். நம்முடைய பழைய மாணவன் ஒருவன் அவ்வாறு இருந்தவன். நல்ல புத்திசாலி, எல்லாப் பரீட்சைகளிலும் தேறிப் பட்டமும் வாங்கினான். அங்கே பட்டம் பெற்றவருக்கு வேலை தேடிக் கொள்ளப் பதினெட்டு மாதம் அனுமதி உண்டு. அந்தக் காலத்தில் கிடைத்த வேலை எதையும் செய்யலாம். அவனும் தேடினான். அந்நாட்டு இயந்திரத் தொழிற்சாலைகள் பல சின்னஞ்சிறு ஊர்களில் இருக்கின்றன. அங்கே மேஸ்திரி முதல் முதலாளி வரை ஜெர்மன்தான் பேசுவார்கள். பதினெட்டு மாதமும் கழிந்தது. கடனோடு திரும்பி வந்தான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துத் தவணை கட்டுகிறான்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் எப்படியோ பதில் சொல்லிவிட்டேன், ஸார். நடுவிலே அவர்கள் ஒரு ஹாஸ்யம் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. அங்கேயே எனக்கு வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது" என்று அவன் சொன்ன வார்த்தை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆகையால், கப்பல் ஏறுவதற்கு முன், இக்காலத்தில் விமானம் ஏறுவதற்கு முன், இங்கேயே பாஷையைக் கற்க வேண்டும். சென்னையில் கதே இன்ஸ்டிடியூட் என்னும் மாக்ஸ்முல்லர் பவனம் அடிப்படை வகுப்பு முதல் உயர்ந்த வகுப்பு வரை நடத்துகிறது. ஆறு படிகளில் மூன்றாவதான பி-1 தேறிவிட்டுப் புறப்பட்டால், அங்கே போய் நான்காவதை எட்டலாம்.

வேலை கிடைத்தவர்களுக்கு 'புளூ கார்டு' என்ற அனுமதி உண்டு. அதற்குரிய வருஷச் சம்பள வரம்பு 2025-இல் 48,300 யூரோ. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும், ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும் சுமார் 43,760 யூரோ. வருஷந்தோறும் இது மாறும். ஜெர்மன் பட்டதாரி தகுந்த உத்தியோகத்தில் இரண்டு வருஷம் இருந்தால் நிரந்தர வாச உரிமை கேட்கலாம். ஐந்து வருஷ வாசத்துக்குப் பின் பிரஜா உரிமையும் கோரலாம். ஆனால் அவர்கள் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக் கொண்டாலும், நமது நாட்டுச் சட்டம் ஒப்புக் கொள்வதில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுகிறவர் இந்தியப் பிரஜை என்ற உரிமையை இழக்கிறார். இது சம்பளக் கணக்கில் அடங்காத கணக்கு. வீட்டில் எல்லோரும் கூடி முன்னதாகவே பேச வேண்டிய விஷயம்.

"படித்தவர்கள் எல்லாம் வெளியே போனால் தேசம் என்ன ஆவது?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆயினும் போகிறவர்களைத் தடுப்பது இதற்குப் பரிகாரம் என்று நாம் எண்ணவில்லை. ஜாகீர் ஹுஸேனும் லோகியாவும் போகாமலிருந்தால் நமக்கு என்ன லாபம்? திரும்பி வருகிறவனுக்கு வேலை செய்ய இடமும், செய்த வேலைக்கு மதிப்பும் இங்கே இருக்க வேண்டும். மேலும், கடனில் மூழ்கியவன் திரும்பி வர நினைத்தாலும் வர முடியாது. கடன் குறைவாக இருந்தால்தான் எங்கே வாழ்வது என்பதை அவன் சுதந்திரமாகத் தீர்மானிக்க முடியும். பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சீதனம் அந்தச் சுதந்திரமே என்று நாம் கருதுகிறோம்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்கலாம். அவள் கோயமுத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தாள். ஓசூர்ப் பையனிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் ஜெர்மன் பேசிப் பழகி, பி-1 தேறினாள். தரகர் இல்லாமல் தானே ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு சர்க்கார் கலாசாலைகள் இடம் கொடுத்தன. சேமித்த சம்பளம் நாலரை லட்சம். பாங்கிக் கடன் ஏழரை லட்சம். 2025 அக்டோபரில் போய்ச் சேர்ந்தாள்.

அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய மறுநாள் தகப்பனார் நம்மிடம் வந்தார். பெண் முதன்முதலாகப் பிரிந்து போன துக்கம் முகத்தில் தெரிந்தது. வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும் போது வாசற்படியில் நின்று, "பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது, ஸார். அவள் எப்போது வந்தாலும் வந்து இறங்க வீடு இருக்கிறது" என்றார்.