எல்லை கடந்த திருட்டும் எல்லை கடக்கும் சாட்சியமும்

திருவண்ணாமலை வட்டாரத்து நெசவாளரும் விவசாயியும் இன்று தம் கூலியையும் விளைபொருளின் கிரயத்தையும் பெரும்பாலும் பாங்குக் கணக்கின் வழியாகவே பெறுகின்றனர். ஆரணிப் பட்டுக்கு உரிய கூலியாயினும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடைபோட்ட மணிலாவின் விலையாயினும், அது வந்து சேர்ந்ததைக் கைப்பேசியே நமக்கு அறிவிக்கிறது. பணம் வரும் அவ்வழியிலேயே திருடனும் வருகிறான் என்பதுதான் இக்காலத்துத் துன்பம்.

காவல் துறை அதிகாரி என்று பொய் சொல்லி, வழக்கு உள்ளதென மிரட்டி, மணிக்கணக்கில் கைப்பேசித் திரையின் முன்னே உட்கார வைத்துச் சேமிப்பு முழுவதையும் பறிக்கும் மோசடிக்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் வழங்குகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தமது வானொலி உரையில் இதைக் குறித்து மக்களை எச்சரித்தார். ஆயினும் ஏமாறுவோர் ஏமாந்துகொண்டுதான் இருக்கின்றனர். ஏமாந்தபின், “திருடன் எந்தத் தேசத்தில் இருக்கிறானோ, புகார் கொடுத்து என்ன பயன்?” என்று வாளாவிருந்து விடுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றை நினைவு கூர்வோம். 2023 பிப்ரவரி 12 அன்று அதிகாலையில், திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் ஆகிய இடங்களில் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்கள் வாயுக் கருவியால் வெட்டப்பட்டன. 72 லட்சம் ரூபாய்க்கு மேல் களவு போயிற்று. கேமராப் பதிவு சாட்சியாகிவிடக் கூடாதென்று இயந்திரங்களுக்குத் தீயும் வைத்தனர். அப்படியிருந்தும் நம் காவலர் வேறு தடயங்களைப் பற்றிச் சென்று, ஹரியானா வரை போய்ச் சிலரைக் கைது செய்தனர். ஹரியானா எவ்வளவு தொலைவில் இருந்தாலும், அங்கும் இங்கும் சட்டம் ஒன்றே.

ஆனால் திருட்டு நாட்டின் எல்லையைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. செய்தி அனுப்பிய கணக்கின் விவரம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் வசம் இருக்கலாம். பேசியவன் கம்போடியாவிலோ மியன்மாரிலோ இருக்கலாம். நம் நீதிபதியின் உத்தரவு அந்நாடுகளில் தானாகச் செல்லாது. ஒரு நாட்டின் வழக்குத் தொடுப்போர் மற்றொரு நாட்டின் வழக்குத் தொடுப்போரிடம் உதவி கோருவது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

இவ்வுதவிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காவலர்க்கும் காவலர்க்கும் இடையே உள்ள வழி. இன்டர்போல் என்னும் சர்வதேசக் காவல் அமைப்புடன் நம் நாட்டின் சார்பில் தொடர்பு கொள்வது சி.பி.ஐ. ஆகும். இவ்வழியில் துப்பு விரைவில் கிடைக்கும். ஆனால் துப்பு வேறு, நீதிமன்றம் ஏற்கும் சாட்சியம் வேறு.

மற்றொன்று, நீதிமன்ற வழி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112 ஆம் பிரிவின்படி, நம் நீதிமன்றம் அயல்நாட்டு அதிகாரிக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பலாம். ஒப்பந்தம் உள்ள நாடாயின் அதன்படியே உதவி கோரலாம். அமெரிக்காவுடன் இத்தகைய ஒப்பந்தம் 2001 இல் கையெழுத்தாகி 2005 இல் நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோள் நம் உள்துறை அமைச்சகத்தின் வழியாகச் செல்லும். அங்குள்ள அரசு வழக்கறிஞர் அதைத் தம் நீதிமன்றத்தில் வைத்து ஆணை பெறுவார். கம்பெனி ஆணைக்குப் பணிந்து விவரம் தரும். ஒரு கடிதத்தின் உறைமேல் உள்ள விலாசத்தைப் போன்ற விவரங்களை, அதாவது கணக்கு யார் பெயரில் உள்ளது என்பது போன்றவற்றை, அமெரிக்கக் கம்பெனிகள் நம் காவலர்க்கு நேரடியாகவும் தருவதுண்டு. உறைக்குள் இருக்கும் கடிதத்தைக் காண வேண்டுமானால் நீதிமன்ற ஆணை வேண்டும்.

இவ்வளவு கைகள் மாறுவதற்குள் மாதங்கள் கழியும். அதற்குள் பதிவு அழிந்து போகாதா? அதற்கும் ஏற்பாடு உண்டு. ‘ஆணை பின்னால் வரும், அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்று முதலில் கோரலாம். அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டால் கம்பெனி 90 நாட்கள் பதிவைக் காக்க வேண்டும். மேலும் 90 நாட்கள் நீட்டிக்கவும் கோரலாம். 2001 இல் புடாபெஸ்ட் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், குறைந்தது 60 நாட்களேனும் பதிவைக் காத்துத் தர ஒப்பியுள்ளன. இந்தியா அதில் உறுப்பு நாடன்று. 2024 டிசம்பர் 24 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இணையக் குற்றங்களுக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோய் நகரில் அது கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. 40 நாடுகள் உறுதி செய்து 90 நாட்கள் கழிந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

அரசு வழக்கறிஞர்களும் தமக்குள் கூடியிருக்கின்றனர். 1995 இல் தோன்றிய சர்வதேச வழக்குத் தொடுப்போர் சங்கம், மின்னணுக் குற்றங்களுக்கென 2008 இல் ஒரு தனித் தொடர்பு அமைப்பை ஏற்படுத்தியது. பயிற்சியும் அனுபவமும் அதன்வழி நாடு விட்டு நாடு செல்கின்றன. தனித்து முடியாததைக் கூடிச் செய்வது என்னும் கூட்டுறவின் கொள்கையே இது.

வந்த சாட்சியம் நிலைக்கவும் வேண்டும். சங்கத்தில் நெசவாளிக்கு நூல் கொடுக்கும்போது எடையிட்டுப் பேரேட்டில் பதிகிறோம். சேலை திரும்பி வரும்போது மீண்டும் எடையிடுகிறோம். மின்னணுப் பதிவுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. பதிவு முழுவதிலிருந்தும் ‘ஹாஷ்’ என்னும் ஒரு குறியெண் கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் குறியெண் மாறிவிடும், கைவைத்தது வெளிப்பட்டுவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63 ஆம் பிரிவு, பிரதியுடன் இக்குறியெண் அடங்கிய சான்றிதழையும் கேட்கிறது. சான்றிதழின் அவசியத்தை உச்ச நீதிமன்றம் 2014 இலும் 2020 இலும் வற்புறுத்தியுள்ளது.

இது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. ஒரு பெண்மணியை இழிவுபடுத்தி யாஹூ குழுவில் செய்தி பரப்பியவனுக்கு, 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. புகார் அளித்தது அவ்வாண்டு பிப்ரவரியில், பிடிபட்டது மும்பையில். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று இவ்வழக்கைச் சொல்வர். உடனே புகார் செய்ததும், திரையில் கண்டதைச் சான்றிதழுடன் பதிவு செய்ததும் வழக்குக்குத் துணை நின்றன.

மோசடிக் கூடங்களில் பேசுவோர் அனைவரும் மனமுவந்து பேசுபவரும் அல்லர். வேலை என்று நம்பிச் சென்று மியன்மாரில் சிக்கிய தமிழர் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். ஆகவே வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் இளைஞரும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர் செய்ய வேண்டியவை சிலவே. பணம் போனதை அறிந்த கணமே 1930 என்னும் எண்ணுக்குப் பேசுக. பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் தடுக்க அதுவே வழி. வந்த செய்திகளை வெட்கத்தாலோ கோபத்தாலோ அழித்துவிட வேண்டா. அழைத்த எண், நாள், நேரம், பணம் சென்ற கணக்கு ஆகியவற்றைக் குறித்து, பாங்குக் கணக்கு அறிக்கையுடன் மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். தெளிவில்லாத வேண்டுகோளை அயல்நாட்டார் திருப்பி அனுப்பிவிடுவர். எந்தக் கணக்கு, எந்த நாள், என்ன குற்றம், அது தம் நாட்டிலும் குற்றமா என்று அவர்கள் கேட்பர். அக்கேள்விகளுக்கு உரிய விடையின் முதல் இழை நம் கையில்தான் இருக்கிறது.

போன பணம் முழுவதும் திரும்பும் என்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் புகார் கொடுக்காதவரின் பொருட்டு எந்நாட்டு வழக்கறிஞரும் கடிதம் எழுதப் போவதில்லை. இவ்விஷயத்தைப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.