உங்களுக்குத் தெரியுமா? கை படும் இடமும் கிருமி போகும் வழியும்

படலைக் கொளுக்கி, கிணற்றடி மோட்டர் சுவிட்ச், கதவுப் பிடி, டிவி ரிமோட், போன். தம்பலகாமத்தில் வயலால் வந்த கை, பள்ளிக்கூடத்தால் வந்த கை, குசினியில் மீன் வெட்டிய கை எல்லாம் போய்ச் சேரும் இடங்கள் இவைதான். இவற்றிலுள்ள கிருமியைப் போக்க விலை கூடிய ஸ்பிரே தேவையில்லை. வீட்டில் இருப்பதே போதும்; முறையும் அளவும் தெரிந்திருக்க வேண்டும்.

✦ சவர்க்காரம்தான் முதல். கொரோனா, இன்புளுவென்சா போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய உறை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் குலைத்துவிடும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடத்தில் எந்த மருந்தை ஊற்றினாலும் அதன் பலத்தில் ஒரு பங்கை அழுக்கே தின்றுவிடும். ஆகவே முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள், பிறகு மருந்து போடுங்கள்.

✦ ஒரு லீற்றருக்கு 4 தேக்கரண்டி. கடையில் வாங்கும் பிளீச் போத்தலில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், அதில் 20 மில்லிலீற்றரை, அதாவது 4 தேக்கரண்டியை, ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கொரோனாக் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் மேசை, கதவுப் பிடி போன்றவற்றுக்குச் சொன்ன அளவும் இதுதான். இதைவிடக் கூட்டினால் கண்ணும் மூச்சும் எரியும், இரும்பு துருப்பிடிக்கும்.

✦ பூசியதும் துடைத்தால் பலனில்லை. கரைசல் பட்ட இடம் குறைந்தது ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். அதன் பிறகு உலோகப் பொருட்களை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். சுவிட்சின் மேல் மட்டும் எதையும் தெளிக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இறுகப் பிழிந்த துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

✦ நேற்றுக் கலக்கியது இன்று ஆகாது. தண்ணீர் கலந்த பிளீச் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் பலம் இழக்கும். 24 மணித்தியாலத்துக்குள் முடியும் அளவுக்கே கலக்குங்கள். கலக்கக் குளிர்ந்த தண்ணீர் போதும், சுடுதண்ணீர் கூடாது.

✦ கிணற்றுக்குப் போடும் வெள்ளைத் தூளும் இதே குடும்பம். மாரி வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கிணறுகளுக்கு இடச் சொல்லும் குளோரின் தூள், சுண்ணாம்போடு குளோரின் சேர்ந்து உண்டாவது. இதைச் செய்யும் முறைக்கு 1799இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் டெனன்ட் காப்புரிமை பெற்றார். ஈரக்காற்றுப் பட்டால் தூளின் பலம் போய்விடும் என்பதால் அது இருக்கும் பாத்திரத்தின் வாயை இறுக மூடி வையுங்கள்.

✦ நாற்றம் போகத் தேடியது உயிரைக் காத்தது. 1847இல் வியன்னா மகப்பேற்று மனையில் மருத்துவர் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்களின் கைநாற்றம் போக வேண்டுமென்று குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமாக விழுந்தது. கிருமி என்ற கருத்தே அன்று நிலைபெற்றிருக்கவில்லை.

✦ ஆனையிறவு உப்பில் பிறந்த குளோரின். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் கிடைக்கும். இவை இரண்டும் சேர்ந்தால் பிளீச். 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கொண்டு குளோரினும் கோஸ்டிக் சோடாவும் செய்தது. போர் அதைச் சிதைத்தது. நம் மண்ணின் உப்பிலேயே குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் மருந்து செய்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

✦ 95 சதவீத ஸ்பிரிட்டை விட 70 சதவீதம் மேல். போன், ரிமோட் துடைக்க 70 சதவீத ஸ்பிரிட் நல்லது. அதிலுள்ள தண்ணீர்தான் மதுசாரம் கிருமிக்குள் நுழைய உதவுகிறது, சீக்கிரம் ஆவியாகாமலும் தடுக்கிறது. கடைச் சாராயம் பெரும்பாலும் 40 சதவீதத்தைத் தாண்டாது. அது இதற்கு உதவாது. அடுப்பு எரியும்போது ஸ்பிரிட்டைக் குசினிக்குள் எடுக்க வேண்டாம்.

✦ சத்தி, வயிற்றோட்டம் வந்த வீட்டில் ஸ்பிரிட்டையும் கைக்குப் பூசும் ஜெல்லையும் நம்பியிருக்காதீர்கள். இவற்றை உண்டாக்கும் நோரோ வைரசுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் அவற்றுக்கு அது எளிதில் அடங்காது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழிவறைப் பிடிக்கும் பைப்புக்கும் பிளீச் கரைசலே சரி.

✦ வினாகிரியும் தேசிக்காயும் கறையையும் மணத்தையும் எடுக்கும். நம்பிக்கையான கிருமிநாசினி என்று அவற்றைச் சொல்ல முடியாது. இரண்டில் எதையும் பிளீச்சோடு கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். கழிவறை கழுவும் அசிட்டுக்கும் இதே எச்சரிக்கை.

✦ மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சாணம். மஞ்சளிலும் வேம்பிலும் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் உண்டு. ஆனால் வாசலில் தெளிக்கும் அளவில் அவை கதவுப் பிடியைக் கிருமி நீக்கிவிடும் என்பதற்குச் சான்றில்லை. சாணத்தில் ஏற்புவலிக் கிருமியின் வித்துக்களே இருக்கக்கூடும். வழக்கத்தை மதிப்போம், நோய் வந்த வீட்டில் கிருமிநாசினியையே பாவிப்போம்.

✦ பித்தளைப் பிடிக்கு ஒரு பலம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணித்தியாலம் வரை உயிர்ப்போடு இருந்தது. செம்பின் மேல் 4 மணித்தியாலத்துக்குப் பின் உயிர்ப்போடு எதுவும் இல்லை. செம்பு கலந்த பித்தளைக்கும் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அழுக்குப் படியாமல் துலக்கி வைத்தால்.

✦ பயம் எவ்வளவு? கொரோனா பட்ட பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு ஒரு தொடுகைக்கு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணித்தது. வயிற்றோட்டக் கிருமிகளோ கையாலும் எளிதில் பரவுகின்றன. அதனால் நாளெல்லாம் எல்லாவற்றையும் துடைக்க வேண்டியதில்லை. நோயாளி இருக்கும் நாட்களில் அவர் தொட்ட இடங்களில் கவனம் வையுங்கள்.

✦ குசினித் துணியிலும் பஞ்சிலும் அசுத்தம் அதிகம். 2017இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், பாவித்த 14 பாத்திரப் பஞ்சுகளைப் பார்த்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 5,000 கோடி வரை பக்டீரியாக்கள் இருந்தன. அப்படிப்பட்ட பஞ்சாலோ துணியாலோ மேசையைத் துடைத்தால் கிருமியைப் பூசியதாகவே ஆகும். தினமும் கொதிநீரில் போட்டெடுத்து, நல்ல வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சூரிய ஒளி பக்டீரியாவைக் கொல்லும் என்று 1877இலேயே டவுன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் காட்டிவிட்டார்கள்.

✦ சோடாப் போத்தல் வேண்டாம். கலக்கிய பிளீச்சையோ ஸ்பிரிட்டையோ குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும். வேறு போத்தலில் ஊற்றி, பெயரும் கலந்த திகதியும் எழுதி ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.