ஷேரை எப்போது விற்பது? கைகொடுக்கும் எக்ஸெல் கணக்கு

எந்த ஷேரை வாங்கலாம் என்று சொல்வதற்கு மும்பையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. லோக்கல் ரயிலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். ஆபீஸ் கேண்டீனில் சொல்வார்கள். இப்போது செல்போனைத் திறந்தாலே பத்துப் பேர் சொல்கிறார்கள். ஆனால் வாங்கியதை எப்போது விற்பது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஊரில் வீடு கட்டவும், பெண்ணின் கலியாணத்துக்கும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஷேரில் போட்டு வைக்கும் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் தடுமாறும் இடம் இதுதான்.

இதற்கு ஜோசியம் தேவையில்லை. ஆபீஸில் தினமும் புழங்கும் எக்ஸெல் போதும். நாளைக்கு விலை ஏறுமா, இறங்குமா என்று அது சொல்லாது. ஆனால் வாங்கியபோது என்ன நினைத்து வாங்கினோம் என்பதை மறக்க விடாது.

கரும்பலகையில் பிறந்த யோசனை

கட்டம் போட்ட இந்தக் கம்ப்யூட்டர் கணக்குக்குத் தமிழில் 'விரிதாள்' என்று பெயர். அமெரிக்காவின் ஹார்வர்டில் வர்த்தகம் படித்த டான் பிரிக்ளின் என்ற மாணவருக்கு, கரும்பலகையில் ஆசிரியர் போட்ட அட்டவணையைப் பார்த்து இந்த யோசனை வந்தது. ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' 1979-ல் வெளிவந்தது. எக்ஸெல் வந்தது 1985-ல். பேரேட்டில் ஒரு வரி தப்பிப்போய், அடிக்கூட்டல் வரை அடித்துத் திருத்திய பழைய குமாஸ்தாக்களுக்கு இதன் அருமை தெரியும்.

மனசு செய்யும் வேலை

லாபத்தில் இருக்கும் ஷேரை அவசரமாக விற்பதும், நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுவதும் மனித இயல்பு. ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு பேராசிரியர்கள் 1985-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பின்னர் டெரன்ஸ் ஓடியன் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்கப் புரோக்கர் நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார். மக்கள் லாபத்துக்கு விற்றுத் தள்ளிய ஷேர்கள், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்ட ஷேர்களைவிட, அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவிகிதம் அதிகப் பலன் தந்திருந்தன. விற்கக் கூடாததை விற்று, விற்க வேண்டியதை வைத்திருந்தார்கள்!

இத்தனைக்கும் காரணம் அடக்க விலை. ஒருவர் 240 ரூபாய் வீதம் 100 ஷேர் வாங்கினார். இன்று விலை 156 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "போட்ட முதல் வரட்டும், விற்றுவிடுகிறேன்" என்பார். விலை இறங்கியது 35 சதவிகிதம்தான். ஆனால் 156 மறுபடியும் 240 ஆக வேண்டுமானால் ஏறத்தாழ 54 சதவிகிதம் ஏற வேண்டும். அவர் 240 ரூபாய் கொடுத்தார் என்பது பற்றி மார்க்கெட்டுக்கு என்ன அக்கறை?

ஆகவே அடக்க விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும். "இன்று கையில் 15,600 ரூபாய் ரொக்கம் இருந்தால் இதே ஷேரை வாங்குவேனா?" என்ற கேள்விக்கு அதில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும். மாதா மாதம் 'இல்லை' என்றே எழுதிக்கொண்டு ஷேரையும் வைத்திருப்பது எவ்வளவு வேடிக்கை என்பது எழுதும்போதுதான் தெரியும்.

என்னென்ன கட்டங்கள்?

கம்பெனியின் பெயர், வாங்கிய தேதி, எண்ணிக்கை, தரகும் வரியும் சேர்த்த அடக்க விலை, இன்றைய விலை ஆகியவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதாமல் விடுவது வாங்கிய காரணத்தை. "கடன் குறைந்து வருகிறது, லாபம் மூன்று வருடமாக ஏறுகிறது" என்று ஒரு வரி போதும். அதன் பக்கத்தில், எது நடந்தால் விற்பது என்பதையும் வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும். கடன் மறுபடியும் ஏறினால் விற்பேன் என்று எழுதியவர், கடன் ஏறிய பிறகு சாக்குச் சொல்ல முடியாது. காரணம் என்ற இடத்தில் "நண்பர் சொன்னார்" என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்றால், அந்த ஷேரை வாங்காமலே இருந்திருக்கலாம்.

பணம் எந்த வருடம் தேவைப்படும் என்பதற்கும் ஒரு கட்டம் அவசியம். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா பீதியில் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே போனது. அதே வருடம் நவம்பரில் பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. பொறுத்திருந்தவர்களுக்கு நஷ்டமில்லை. அந்த ஜூனில் பையனின் காலேஜ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் பொறுப்பது எப்படி? இரண்டு, மூன்று வருடத்துக்குள் செலவாகப் போகிற பணம் என்றால், மார்க்கெட் நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக விற்று பாங்கியில் போட்டுவிடுவது நல்லது.

மொத்த முதலில் ஒரு கம்பெனி எத்தனை சதவிகிதம் என்பதையும் பார்க்க வேண்டும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் மோசடி நடந்ததை அதன் தலைவரே 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டபோது, ஷேர் விலை அன்றே முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. கம்பெனியின் கணக்கே பொய் என்னும்போது எந்த எக்ஸெல்லும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆனால் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அதில் வைத்திருந்தவர் தப்பினார். முழுவதையும் வைத்திருந்தவர் கதை வேறு.

போனஸ் வந்தால் ஜாக்கிரதை

ஒன்றுக்கு ஒன்று போனஸ் ஷேர் வந்தால் விலை ஏறக்குறைய பாதியாகும். எண்ணிக்கையைத் திருத்தாவிட்டால், கட்டத்தில் 50 சதவிகித நஷ்டம் சிவப்பு எழுத்தில் மிரட்டும். அதைப் பார்த்துப் பதறி விற்பவர்களும் உண்டு. விலையைத் தானாகக் கொண்டுவரும் வசதி கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை, சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து கையால் தட்டி ஏற்றுவதே மேல். தினமும் பார்க்கிறவர் தினமும் ஏதாவது செய்யத் துடிப்பார்.

வரிக்கு ஒரு கட்டம்

இன்றைய தேதியிலிருந்து வாங்கிய தேதியைக் கழித்தால், ஷேர் கையில் இருந்த நாட்களை எக்ஸெல் சொல்லிவிடும். 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, லிஸ்ட் ஆன ஷேரை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவிகிதம் வரி. அதற்குப் பிறகு விற்றால், வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவிகிதம். பதினோராவது மாதத்தில் 60,000 ரூபாய் லாபத்தில் விற்பவர் 12,000 ரூபாய் வரி கட்ட நேரலாம். 12 மாதம் தாண்டும் வரை பொறுத்தால், அந்த வருடத்தில் இதுபோன்ற வேறு லாபம் இல்லாவிட்டால், அதுவும் மிச்சம். ஆனால் வாங்கிய காரணமே போய்விட்ட ஷேரை வரிக்காக வைத்திருப்பது, குடைக்கூலியை மிச்சம் பிடித்து நனைந்த கதைதான்.

நஷ்டத்துக்கு விற்றாலும் அந்த வரியை அழித்துவிடக் கூடாது. தனித் தாளில் எழுதி வைக்க வேண்டும். 12 மாதத்துக்குள் வந்த நஷ்டத்தை எந்த மூலதன லாபத்திலும் கழிக்கலாம். அதற்குப் பிந்திய நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். மீதி இருந்தால் எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை உண்டு.